குடிவழியும் கோயில்வழியும்

திருக்கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழுங்கால் விமானத்துக் கலசங்கள் புதுப்பொலிவு பெறுதல் போலவே, பிரிந்து சென்ற குடிகளின் உறவும் புதுப்பொலிவு பெறுகின்றது. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் இதனை யாவரும் கண்கூடாகக் காணலாம். எண்ணூரிலும் சென்னையிலும் தொழில் நாடிக் குடியேறியவர்கள் நாளறிந்து ஊர் திரும்புகின்றனர். தலைக்கட்டு வரி செலுத்துகின்றனர். இன்னார் மகன், இன்னார் பேரன் என்று ஊரார் முன் தம்மை அறிவித்துக் கொள்கின்றனர். ஏரியில் முறைவைத்து மீன் பிடிக்கும் பாட்டு உரிமையும் தலைக்கட்டு வழியாகவே வருதலின், குடிவழி அறிதல் இங்கு வெறும் பெருமைப் பேச்சன்று; வாழ்வுக்குரிய சான்றும் ஆகின்றது.

வலைக்குடிக்கு உரிய இவ்வழக்கம் ஏர்க்குடிக்கும் உண்டு. ஏரியைத் தன்னகத்தே கொண்ட இத்தொண்டை நாட்டிலிருந்து மேற்கே கொங்கு நாடு சென்றவராகத் தம்மைக் கூறிக்கொள்ளும் வேளாண் குடிகள் பல. அக்குடிகள் தம் வழியை எவ்வாறு காத்தன என்பதனை ஆராய்வது, குடமுழுக்குக் காணும் இவ்வேளைக்குப் பெரிதும் பொருந்துவதாம்.

தொண்டை நாட்டில் வேளாளர் குடியேறிய செய்தியே ஒரு குடிப்பெயர்ச்சி வரலாறு. புழலில் கோட்டை அமைத்து ஆண்ட குறும்பரை ஆதொண்டைச் சக்கரவர்த்தி வென்றான் என்றும், நாட்டை இருபத்து நான்கு கோட்டங்களாக வகுத்து வேளாண் குடிகளைக் கொணர்ந்து அமர்த்தினான் என்றும் செவிவழி வரலாறு கூறும். குடிகளை அமர்த்தியவன் கரிகாலனே என்பாரும் உளர். குறும்பர் கோட்டையிலிருந்து கொணர்ந்தவை என்று கூறப்படும் எருக்கந் தூண்கள் இரண்டினைத் திருமுல்லைவாயில் திருக்கோயிலில் இன்றும் காணலாம். 1821-இல் மறைந்த காலின் மெக்கன்சி என்னும் ஸ்காட்லாந்திய அதிகாரி திரட்டிய சுவடிகளுள் குறும்பரைப் பற்றிய ஊர்க்கதைகளும் இடம்பெற்றுள்ளன.

இவ்வாறு அமர்ந்த குடிகள் தம்மை எவ்வாறு குறித்தன என்பதற்குச் சேக்கிழார் பெருமான் குடியே சிறந்த எடுத்துக்காட்டு. 'சேக்கிழார்' என்பது குடிப்பெயர். அருண்மொழித்தேவர் என்பதே பிள்ளைத் திருநாமம். சயங்கொண்ட சோழமண்டலம், புலியூர்க் கோட்டம், குன்றத்தூர், சேக்கிழான் என மண்டலமும் கோட்டமும் ஊரும் குடியும் நிரலே கூறி, அதன் பின்னரே ஆளின் பெயரைக் கூறுதல் கல்வெட்டு மரபு. இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் (1133–1150) சோழ நாட்டில் அலுவல் பூண்ட சேக்கிழார், ஆங்குத் தாம் வழிபட்ட திருநாகேச்சரத்தை நினைந்து குன்றத்தூரில் அதே பெயரால் ஒரு கோயில் எடுப்பித்தார் என்பது மரபு. ஊர் பெயர்வோர் தெய்வத்தை உடன்கொண்டு பெயர்வர் என்பதற்கு இது சான்றாம்.

இனி மேற்றிசைச் செலவினைக் காண்போம். சேர மன்னன் ஒருவன் சோழன் மகளை மணந்த காலத்தில் அவளுடன் வேளாண் குடிகள் பல கொங்கிற்கு வந்தன என்பது அந்நாட்டு வழக்கு. அவர்கள் தொண்டை நாட்டிலிருந்து வந்தனர் என்பாரும், சோழ நாட்டிலிருந்து வந்தனர் என்பாரும் உளர். வழி எதுவாயினும், வந்து அமர்ந்தமைக்குக் கல்வெட்டே சான்று பகர்கின்றது. கொங்குச் சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் 'வெள்ளாளன் சாத்தந்தைகளில்', 'வெள்ளாளன் காடைகளில்' என்றாற்போலக் குலப்பெயருடன் கொடையாளர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சாத்தந்தை, காடை, ஆந்தை, தூரன், பயிரன், கண்ணன் முதலிய அக்குலங்கள் இன்றும் வழங்குகின்றன. ஒரே குலத்தார் பங்காளிகள் ஆதலின் தம்முள் மணவுறவு கொள்ளார். ஆகவே ஒவ்வொரு திருமணத்திலும் குலம் உசாவப்பெறுகின்றது. ஏடு அழியினும் குலப்பெயர் அழியாமைக்கு இதுவே காரணம்.

மற்றொரு சான்று காணியாட்சி. முதற்கண் காடு திருத்தி அமர்ந்த ஊர் அக்குலத்தார்க்குக் 'காணி' ஆயிற்று. அங்குள்ள கோயில் 'காணிக் கோயில்' ஆயிற்று. பின்வந்த தலைமுறையினர் எத்துணைத் தொலைவு பெயர்ந்தாலும், மகவுக்கு முடியிறக்கவும் காது குத்தவும் திருமண அழைப்பினை முதற்கண் வைக்கவும் அக்கோயிலுக்கே வருகின்றனர். வெள்ளோட்டு இராசாக் கோயிலுக்குச் சாத்தந்தை குலத்தார் இவ்வாறு வருவர்.

ஊர்ப்பெயரும் வழி காட்டும். ஓரிடம் விட்டு ஓரிடம் குடிபெயர்தலை 'வலசை போதல்' என்பர். கொங்கில் 'வலசு' என முடியும் சிற்றூர்கள் பல. அவை தாயூரிலிருந்து பிரிந்து சென்றோர் அமைத்த குடியிருப்புகளாம். தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியராக விளங்கிய பெரியசாமித் தூரன் (1908–1987) பிறந்த ஊர் மஞ்சக்காட்டு வலசு. 'தூரன்' என்பது அவர்தம் குலப்பெயர். ஒருவர் பெயரிலும் ஊரிலுமே ஒரு குடியின் செலவு அடங்கியிருத்தல் காண்க.

ஆயினும் குடிவழி கூறுவோர் மறவாது கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. முன்னோர் புகுந்த நிலம் வெறுநிலமாய் இருந்ததில்லை. கொங்கில் பாடல் பெற்ற தலங்கள் ஏழு. அவற்றுள் திருமுருகன்பூண்டியைப் பாடிய சுந்தரமூர்த்தி சுவாமிகள் அங்கு வழிப்பறி செய்த வேடுவரைத் தம் பதிகத்தில் குறித்துள்ளார். வேளாளர் ஏர் பூட்டுமுன் தொண்டை நாட்டில் குறும்பர் இருந்தனர்; கொங்கில் வேட்டுவர் இருந்தனர். வென்றவர் குடிவழியில் தோற்றவர் பெயர் பகைவராகவே வரும். முன்பு வாழ்ந்தோரையும் நினைவிற்கொண்டு எழுதும் குடிவழியே அறத்தோடு கூடிய வரலாறாகும்.

கொங்கு உழவரைப் பற்றி விரிவாக எழுதிய கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு 1887-இல் வெளிவந்தது. அதனை எழுதிய பிரடெரிக் நிக்கல்சன் என்பவரே பின்னாளில் சென்னை மாகாண மீன்துறைக்கு அடிகோலினார். ஏர்க்குடியையும் வலைக்குடியையும் ஒருங்கே கருதிய அவர் வாழ்வு, இவ்விரு குடிகளின் வரலாறும் ஒருங்கே எண்ணத்தக்கது என்பதனை நினைவூட்டுகின்றது.

ஏரிக்கரைக் குடிகளும் இடம்பெயர்வு அறியாதன அல்ல. 1971 முதல் ஏவூர்திகள் எழும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் தளம் அமைந்தபோது, அங்கு வாழ்ந்த குடிகள் பல வேற்றிடம் பெயர்ந்தன. புதிய கரையில் குடிசை கிடைக்கலாம். தலைக்கட்டில் இடம் எளிதிற் கிடைப்பதில்லை. பாட்டன் பெயர் ஏட்டில் இல்லாத குடி, உரிமை கேட்கும் நாளில் சான்றின்றி நிற்கும். இன்று ஊர் திரும்பும் இளைஞருள் பலர் பாட்டனுக்கு முந்தியவர் பெயரை அறியார். அறிந்த முதியோரும் அருகி வருகின்றனர்.

ஆதலின், யாகசாலையில் வேள்வித்தீ வளர்க்கும் இந்நாள்களிலேயே, ஒவ்வொரு தலைக்கட்டும் தன் முன்னோர் பெயரையும் அவர் வந்த ஊரையும் பெண் கொண்ட ஊரையும் கொடுத்த ஊரையும் எழுதிக் கோயில் ஏட்டிற் சேர்த்தல் வேண்டும். பிறவூரிலிருந்து வந்து அமர்ந்த குடிகளின் பெயரும் அவ்வேட்டில் இடம்பெறுதல் வேண்டும். கலசத்திற் பெய்த தானியம் அடுத்த குடமுழுக்கு வரை காக்கப்பெறுவது போல அவ்வேடும் காக்கப்பெறுவதாக. எல்லாக் குடிகளுக்கும் முதற்குடியாய், தாயும் தந்தையும் இலியாய் விளங்கும் இறைவன் திருவருள் அதற்குத் துணை நிற்பதாக.