டிராம் வாசலில் ஒரு கண்டக்டர்

1918-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் எடுத்த ஒரு போட்டோ உண்டு. கொரோனா சமயத்தில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். டிராம் வண்டி நிற்கிறது. ஏற வருகிறவர் மாஸ்க் போடவில்லை. வாசலில் நிற்கும் கண்டக்டர் மாஸ்க் போட்டிருக்கிறார், அவரை ஏற்ற மறுக்கிறார். அவ்வளவுதான் படம்.

அது ஸ்பானிஷ் ஃப்ளூ காலம். அக்டோபர் கடைசியில் அங்கே மாஸ்க் கட்டாயமானது. உள்ளூர் செஞ்சிலுவைச் சங்கத்தில் 120 பேர் சேர்ந்து 3 நாளில் 2,60,000 மாஸ்க் செய்தார்கள் என்று அந்தப் படத்தின் குறிப்பு சொல்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன் (தொழில் புத்தி!). ஆளுக்கு நாளொன்றுக்கு 720-க்கு மேல் வருகிறது. நம்பக் கொஞ்சம் சிரமம்தான் :-)

கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ கதை இன்னும் சுவாரஸ்யம். அங்கே நவம்பர் 21 நண்பகலில் விசில் ஊதியதும் ஊரே மாஸ்க்கைக் கழற்றி வீசியது. காய்ச்சல் திரும்பி வந்ததால் 1919 ஜனவரியில் மறுபடியும் உத்தரவு. இந்த முறை ஜனங்கள் "மாஸ்க் எதிர்ப்பு சங்கம்" என்றே ஒன்று ஆரம்பித்துவிட்டார்கள்! பிப்ரவரி 1-ம் தேதி உத்தரவு வாபஸ்.

அந்த மாஸ்க்கால் பலன் இருந்ததா? கலிபோர்னியா சுகாதார அதிகாரி கெல்லாக் சோதித்துப் பார்த்து 1920-ல் எழுதினார். வலைத்துணி மெல்லிசாக இருந்தால் துளிகளை நிறுத்தவில்லை. பல மடிப்பு வைத்தால் மூச்சு முட்டியது, ஓரங்களில் காற்று கசிந்தது. ஆக, கண்டக்டர் தடுத்தது சரி, துணிதான் சரியில்லை.

இங்கே மும்பையில் 2020 மார்ச்சில் நின்ற லோக்கல், ஜூன் 15-ல் அத்தியாவசியப் பணியாளர்களுக்காக ஓட ஆரம்பித்தது. ஜூலையில் எங்களைப் போன்ற அரசுடைமை வங்கிக்காரர்களுக்கும் அனுமதி கிடைத்தது. ஸ்டேஷன் வாசலில் அடையாள அட்டை பார்த்தார்கள். வண்டிக்குள்ளே? நம்ம லோக்கலுக்குக் கண்டக்டரும் கிடையாது, மூடும் கதவும் கிடையாது (ஏசி வண்டி தவிர).

ஒருநாள் போனில் பேச மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினேன். எதிர் சீட்டில் ஒரு மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளி. "சாஹேப், மாஸ்க்" என்றார், மெதுவாக. முதலில் சுருக்கென்றது. 'எனக்கே சொல்கிறாரா' என்ற நினைப்புதான், வேறென்ன? உடனே ஏற்றிக்கொண்டேன். ஆனால் ஒரு நன்றி சொல்லத் தோன்றவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

சியாட்டில் கண்டக்டருக்குப் பின்னால் ஒரு சட்டம் நின்றது. அன்றைக்கு லோக்கலில் இவருக்குப் பின்னால் யாருமே இல்லை. ஒரு ஆபீசர் திருப்பிக் கத்தியிருந்தால் அவர்தான் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருந்திருக்கும். தெரிந்துதான் சொன்னார்.

உங்கள் ஊர் பஸ்ஸிலோ ரயிலிலோ அந்த நாட்களில் யார் கண்டக்டராக இருந்தார்கள்?