வாரம் பெர்சி: இடம் மாறிய சுவர்கள்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், சுண்ணப்பாறைக் குன்றுகளுக்கு இடையே வாரம் பெர்சி என்னும் கைவிடப்பட்ட சிற்றூர் உள்ளது. அங்கே இடைக்காலக் கட்டடம் என்று தரைக்கு மேல் நிற்பது கூரையிழந்த தேவாலயம் ஒன்றே. ஏனைய யாவும் புல்லுக்கு அடியில் கிடக்கின்றன. ஆயினும் வெயில் சாய்ந்து விழும் பொழுதில் மேடுபள்ளங்களின் நிழலிலேயே ஊரின் அமைப்பு புலப்பட்டுவிடும்: வரிசையான மனைத்திடல்கள், அவற்றின் பின்னே நீளும் கொல்லைகள், நடந்து நடந்தே பள்ளமாகிப்போன தெருக்கள்.

பொருளாதார வரலாற்றாய்வாளர் மாரிஸ் பெரஸ்ஃபோர்டு 1948இல் இவ்விடத்தைக் கண்டார். 1950இல் அவர் மண்ணைத் தோண்டத் தொடங்கியபோது கேட்ட கேள்வி ஒன்றுதான்: இவ்வூர் எப்போது அழிந்தது? தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்ட் வந்து சேர்ந்த பிறகு, மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதாக அக்கேள்வி விரிந்தது. ஆண்டுதோறும் கோடையில், 1990 வரை, அகழாய்வு நீடித்தது. சிறு குழிகளாகத் தோண்டும் வழக்கத்தை விட்டு, டென்மார்க் அறிஞர் ஆக்செல் ஸ்டீன்ஸ்பெர்க்கின் முறையைத் தழுவி, அகன்ற பரப்பை அடுக்கடுக்காக நீக்கினர். சுவர்த்தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வெளிப்பட்டது அதனாலேயே.

அச்சுவர்கள் ஆழமான கடைக்கால் இல்லாதவை. சுண்ணக்கல் துண்டுகளால் ஆனவை. ஒரே மனையில் அவை சற்றுச் சற்று இடம் மாறி மீண்டும் மீண்டும் எழுப்பப்பட்டிருந்தன. உழவர் வீடு ஒரு தலைமுறைக்குமேல் தாங்காது, ஆகவே ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கட்டிக்கொண்டது என்று ஹர்ஸ்ட் கருதினார். இடைக்கால உழவர் என்றால் வறியவர் என்னும் எண்ணத்தோடு அது இயல்பாகப் பொருந்தியது. பொருந்தியதாலேயே எளிதில் ஏற்கவும் பட்டது.

1989இல் ஸ்டூவர்ட் ராத்மெல் அதே தடயங்களை வேறுவிதமாக வாசித்தார். கூரையின் பாரத்தைச் சுவர் தாங்கவில்லை. எதிரெதிராக நிறுத்தப்பட்டு உச்சியில் இணைந்த வளைமரச் சட்டங்களே தாங்கின. சுவர் வெறும் மறைப்பு. சட்டகத்தைத் தொடாமலே அதை இடித்துக் கட்டலாம். அப்படியானால் பல வீடுகள் என்று எண்ணப்பட்டவை, நெடுங்காலம் நின்ற ஒரே வீட்டின் பழுதுபார்ப்புகளாகின்றன. மரவேலை தேர்ந்த தச்சனையும் கணிசமான செலவையும் கோரும் வீடு அது. வறுமையின் சான்றாகக் காட்டப்பட்ட சுவர், வேறொரு வாழ்நிலைக்குச் சான்றாயிற்று. மண்ணில் எதுவும் மாறவில்லை.

ஊர் அழிந்த காரணத்திலும் இதே எச்சரிக்கை தேவை. கைவிடப்பட்ட ஊர் என்றதும் பலரும் 1348–49ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயைச் சொல்வர். நோய் இவ்வூரையும் தாக்கியது உண்மையே. எனினும் அதன்பின் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஊர் வாழ்ந்தது. ஆள் குறைந்து கூலி உயர்ந்தது. தானியத்தைவிடக் கம்பளி ஆதாயம் தந்தது. நிலவுடைமையாளருக்கு உழவரைவிட ஆடுகள் உவப்பாயின. 1500ஐ ஒட்டி, எஞ்சியிருந்த நான்கு குடும்பங்களும் வெளியேற்றப்பட்டன. உழுநிலம் மேய்ச்சல் நிலமானது. பழைய உழுசால்களும் மனைத்திடல்களும் பிற்கால ஏரினால் கலையாமல் இன்றளவும் தெரிவதற்கு, அவ்வூரைக் காலிசெய்த அந்த மேய்ச்சலே காரணம்.

தேவாலயம் மட்டும் அண்டையூரார் வழிபாட்டுக்காக நெடுங்காலம் நிலைத்தது. மக்கள் பெருகிய காலத்தில் அதற்குப் பக்கச்சிறைகள் சேர்க்கப்பட்டன. குறைந்தபோது அவை இடிக்கப்பட்டன. அவற்றுக்குத் திறந்திருந்த வளைவுகளைக் கல்லிட்டு அடைத்த தடம் இன்றும் சுவரில் காணக் கிடைக்கிறது.