செய்தி மொழியில் ‘தெரி’ என்னும் வினை: சித்தூர் எல்லை வழக்கை முன்வைத்து

முன்னுரை

பழைய தமிழ்ச் செய்தித்தாள்களில் பரவலாகக் காணப்படும் வாக்கிய முடிபுகளுள் ஒன்று ‘என்று தெரிகிறது’ என்பதாகும். யாருக்குத் தெரிகிறது, யார் வழியாகத் தெரிந்தது என்பவற்றை இம்முடிபு உணர்த்துவதில்லை. இவ்வினையின் பொருள் வரலாற்றையும் செய்தி மொழியில் அது ஆற்றிய பணியையும், தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் சித்தூர் வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

பொருள் மாற்றம்

‘தெரி’ என்பது முற்காலத்தில் ஆராய்தல், தேர்ந்தெடுத்தல் என்னும் பொருள்களிலும் வழங்கியது. தெரிந்துசெயல்வகை, தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்னும் திருக்குறள் அதிகாரப் பெயர்கள் மூன்றிலும், ஆராய்ந்து முடிவு செய்யும் வினைமுதல் ஒருவன் உளன். ‘தெரிந்தெடு’ என்னும் கூட்டுவினையும், இலங்கைத் தமிழில் வழங்கும் ‘தெரிவு’, ‘தெரிவுக்குழு’ என்னும் சொற்களும் அப்பொருளை இன்றும் காத்து வருகின்றன.

இக்காலப் பெருவழக்கில் அறியப்படும் பொருளே எழுவாயாகிறது. அறிபவர் ‘எனக்கு’, ‘அவருக்கு’ என நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கிறார். செய்தி வாக்கியத்தில் அந்த வேற்றுமைப் பெயரும் மறைந்துவிடுகிறது. ஆராய்பவனை முன்னிறுத்திய வினை, அறிபவனே இல்லாத வினையாக மாறியது இவ்வாறே.

செய்தி மொழியில் அதன் பணி

1882இல் வார இதழாகத் தொடங்கிய சுதேசமித்திரன் 1899இல் நாளிதழாயிற்று. தந்திகளையும் வெளியூர்க் கடிதங்களையும் கொண்டு நாள்தோறும் செய்தி எழுதும் நிலையில், நேரில் காணாததைச் சொல்ல ஒரு முடிபு தேவைப்பட்டது. பேச்சு வழக்கின் ‘வந்தாராம்’ ஐயத்தையும் சில வேளை எள்ளலையும் சுமப்பது. ‘அறிகிறோம்’ என்பது தன்மைப் பன்மை விகுதியால் இதழையே பொறுப்பாக்குவது. ‘தெரிகிறது’ இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது; செய்தியை உறுதிபோல் காட்டும், சொன்னவரைக் காட்டாது. ‘தெரியவருகிறது’ என்பதோ, செய்தி எங்கிருந்தோ வந்து சேர்ந்தது என்னும் குறிப்பையும் சேர்த்துத் தரும்.

ஆயினும் இம்மறைப்புக்கு எல்லை உண்டு. அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயர்களை இதழில் பொறிக்க வேண்டும் என்று 1867ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. 1908இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் அரசநிந்தனைக் குற்றச்சாட்டில் கைதானார். வினைமுற்று செய்தி தந்தவரை மறைக்கலாம். இதழை நடத்தியவரை மறைக்க அதனால் இயலாது.

சித்தூர்ச் சூழல்

சித்தூர் கொச்சி அரசுக்குரியது. எனினும் பிரிட்டிஷ் மலபார் நிலப்பகுதி அதனை ஏனைய கொச்சிப் பகுதிகளினின்று பிரித்து நின்றது. கொழிஞ்சாம்பாறை முதலிய எல்லை ஊர்களில் தமிழ் பேசுவோர் மிகுதி. இரு மொழி இதழ்களையும் படிக்கும் வாசகர், மலையாளத்தில் ‘எந்நறியுந்நு’ என்னும் முடிபைக் காண்பார். மலையாள வினைமுற்றுக்குத் திணை, பால், இட விகுதி இல்லை. ஆகவே ‘அறி’ என்னும் வினையைக் கொண்டே அம்மொழி அறிபவரை மறைக்க முடிகிறது. தமிழில் ‘அறிகிறோம்’ என்றால் ‘நாம்’ வெளிப்பட்டுவிடும். அதனால் தமிழ், ‘தெரி’யை நாடியது. நோக்கம் ஒன்று, இலக்கண வழி வேறு.

1953 டிசம்பரில் மாநிலச் சீரமைப்பு ஆணையம் அமைக்கப்பட்டது முதல் 1956 நவம்பர் 1 வரை, எல்லை வட்டங்களின் எதிர்காலம் செய்திப் பொருளாயிருந்தது. இன்ன வட்டம் இன்ன மாநிலத்தில் சேரும் ‘என்று தெரிகிறது’ என்னும் முடிபு அக்காலத்தில் வெறும் நடையழகு அன்று. பள்ளியில் பிள்ளை கற்கும் மொழியும், அலுவலகத்தில் மனு எழுதும் மொழியும் அம்முடிவைச் சார்ந்திருந்தன. தெரிந்தது ஆணையத்துக்கா, அமைச்சருக்கா, நிருபருக்கா என்பதே வாசகர் அறிய விரும்பியது. வினை மறைத்ததும் அதனையே. முடிவில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் செங்கோட்டைப் பகுதியும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. சித்தூர், தேவிகுளம், பீர்மேடு ஆகியவை கேரளத்தில் அமைந்தன.

முடிவுரை

பழைய செய்திகளை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர், ‘நடந்தது’ என்பதையும் ‘நடந்ததாகத் தெரிகிறது’ என்பதையும் ஒரே தரத்தில் வைத்தல் தகாது. முன்னது நிகழ்ச்சிக்குச் சான்று. பின்னது, அந்நாளில் அவ்வாறு ஒரு செய்தி உலவியது என்பதற்கு மட்டுமே சான்று. வள்ளுவர் அதிகாரப் பெயர்களில் நிற்கும் ‘தெரிந்து’ என்னும் பழம்பொருள், செய்தித்தாளைப் பயன்படுத்தும் ஆய்வாளர்க்கு இன்றும் கடமையாகிறது.