கொச்சிக் கரையில் மூன்று நடைகள்

மட்டாஞ்சேரி அரண்மனையருகே பஸ்ஸை விட்டு இறங்கிக் கோட்டைக் கொச்சிக் கடற்கரை வரை நடப்பதற்கு ஒரு மணி நேரம் போதும். வழி ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர், மேடுபள்ளம் இல்லாதது, முதியோரும் சிறுவரும் களைப்பின்றி நடக்கத்தக்கது. ஆயினும், 1949-ஆம் ஆண்டுக்கு முன் இவ்வழியே நடந்தவர்கள் கொச்சி மன்னரின் நாட்டிலிருந்து புறப்பட்டுச் சென்னை மாகாணத்தில் போய்ச் சேர்ந்தார்கள். கோட்டைக் கொச்சி அன்று மலபார் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு சிறு நிலத்துண்டு. 1949 ஜூலை முதல் நாள் கொச்சியும் திருவிதாங்கூரும் ஒரே மாநிலமான பின்னரும் அவ்வெல்லை நீங்கவில்லை. 1956 நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் தோன்றியபோதுதான் அது மறைந்தது. பின்பு 1967-இல் கோட்டைக் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் என்னும் மூன்று நகராட்சிகளும் ஒன்றுகூடிக் கொச்சி மாநகராட்சி உருவாயிற்று.

தாய்நாட்டை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நமக்கு இச்செய்தி தனிப் பொருள் உடையது. எல்லைக்கு இப்பால் உள்ளவர் சொந்தக்காரர், அப்பாலிருந்து வந்தவர் அயலார் என்று பேசுகிறோம். பிறர் பேசவும் கேட்கிறோம். அந்த எல்லைகள் எத்துணை அண்மையில் ஏற்பட்டவை என்பதைக் கொச்சிக் கரை நமக்கு நன்கு உணர்த்தும்.

முதல் நடையை அரண்மனையிலிருந்தே தொடங்குவோம். எர்ணாகுளத்திலிருந்து தோப்பும்படி வழியாக மட்டாஞ்சேரிக்குப் பஸ்கள் வருகின்றன. பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் போர்த்துக்கீசியர் இவ்வரண்மனையைக் கட்டிக் கொச்சி மன்னர் வீரகேரள வர்மருக்கு அளித்தனர். 1663-இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் இதைப் பழுதுபார்த்தனர். அதனால் இன்றும் ஊரார் இதனை டச்சு அரண்மனை என்கின்றனர். கட்டியவர் ஒருவர், பெயர் கொடுத்தவர் மற்றொருவர், வாழ்ந்தவரோ மலைநாட்டு மன்னர். பள்ளியறைச் சுவரில் இராமாயணக் காட்சிகள் பச்சிலை வண்ணமும் செம்மண் வண்ணமும் கலந்து விளங்குகின்றன. வளாகத்துள் மன்னர்களின் குலதெய்வமாகிய பழையன்னூர்ப் பகவதியின் கோயில் இருக்கிறது.

அரண்மனைக்கு அடுத்தது யூதர் வீதி. அதன் கோடியில் 1568-இல் எழுந்த தொழுகைக்கூடம் நிற்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து வந்த நீலவண்ண ஓடுகள் அதன் தரையில் பதிக்கப்பட்டுள்ளன. இதற்குப் 'பரதேசி' தொழுகைக்கூடம் என்று பெயர். நம் பேச்சில் இச்சொல் இழிபொருள் பெற்றுவிட்டது. இங்கு அதற்குப் பிற தேசத்திலிருந்து வந்தவர் என்னும் நேர்ப்பொருளே உண்டு. அப்பெயரைத் தாங்கி அவர்கள் அரண்மனைச் சுவரை ஒட்டியே நான்கு நூற்றாண்டு வாழ்ந்தார்கள்.

கொச்சி யூதர்கள் வழிவழியாகக் காத்துவந்த செப்பேடு ஒன்றுண்டு. ஏறத்தாழக் கி. பி. 1000-இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஈசுப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு எழுபத்திரண்டு உரிமைகளை வழங்கியதை அது கூறுகிறது. பகலில் விளக்கு ஏந்தி வரவும், பல்லக்கில் செல்லவும், குடை பிடிக்கவும் அவன் உரிமை பெற்றான். செப்பேட்டின் எழுத்து வட்டெழுத்து. அதன் நடை, தமிழும் மலையாளமும் இரு மொழிகளாகப் பிரிந்து தெளியாத காலத்து நடை. கடல் கடந்து வந்த ஒரு குடியினருக்கு நம் முன்னோர் மொழியில் உரிமை எழுதித் தரப்பட்டது என்பதை எண்ணும்போது நமக்குப் பெருமிதம் உண்டாகிறது. இஸ்ரேல் நாடு 1948-இல் தோன்றிய பின் இவர்களிற் பெரும்பாலோர் அங்குச் சென்றுவிட்டனர். வீதி நிற்கிறது, குடிகள் அநேகமாக இல்லை.

வடக்கே திரும்பினால் கடைத்தெரு. மிளகும் சுக்கும் ஏலமும் அடுக்கிய பண்டகசாலைகளின் மணம் வழிநெடுக வருகிறது. குஜராத்தியர், கச்சி மேமன்கள், கொங்கணியர் எனப் பல குடியினர் இப்பகுதியில் வாழ்கின்றனர். கல்வத்திப் பகுதியைக் கடந்து கோட்டைப் பக்கம் சேர்கிறோம். பழைய எல்லையைக் காட்டும் அரணோ சாவடியோ இன்று நம்மைத் தடுப்பதில்லை. பழைய எல்லையைத் தாண்டியது காலுக்குத் தெரிவதில்லை.

கோட்டைக் கொச்சியில் புனித பிரான்சிஸ் ஆலயத்தைக் காண்கிறோம். 1524-ஆம் ஆண்டு டிசம்பரில் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை இங்கேதான் அடக்கம் செய்தனர்; 1539-இல் எலும்புகளைப் போர்ச்சுகலுக்கு எடுத்துச் சென்றனர். கல்லறைக் கல் மட்டும் தங்கிவிட்டது. கரையோரம் சீன வலைகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு புறம் வலை, மறுபுறம் கயிற்றில் தொங்கும் கற்கள். நாலைந்து பேர் கயிற்றை இழுக்க, கற்கள் கீழே இறங்க, வலை நீரைவிட்டு மேலெழுகிறது. ஏற்றம் இறைத்த உழவர் குடியில் வந்தவர்க்கு இவ்வித்தை எளிதில் விளங்கும்.

பெரும்பாலோர் இத்துடன் திரும்பிவிடுவர். நாம் இன்னும் சிறிது தெற்கே வேலிப் பகுதிக்கு நடப்போம். அங்கே வண்ணான்துறை ஒன்று உண்டு. படைவீரர்களின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ் நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இங்கே தொழில் செய்கின்றனர். டச்சுக்காரர் காலத்திலேயே வந்தோம் என்பது அவர்கள் மரபு. முறுக்கிய கயிற்றின் இடையே துணியின் நுனியைச் செருகி உலர்த்துகின்றனர். கஞ்சி போட்டுப் பெட்டி போடுகின்றனர். படைகள் போயின, கோட்டை இடிந்தது, கொடிகள் மாறின, வெளுக்கும் கல் ஓயவில்லை. அரண்மனையைக் காணச் சென்றவர்கள் இத்துறையையும் கண்டு திரும்புவதே முறை. கொச்சியின் வரலாற்றில் நம்மவருக்கு உள்ள இடத்தைத் தம் உழைப்பால் தேடித் தந்தவர்கள் இவர்களே.

இத்துறைமுகம் எவ்வாறு தோன்றிற்று என்று அறிய இரண்டாம் நடை உதவும். கோட்டைக் கொச்சியில் படகேறி எதிர்க்கரையாகிய வைப்பின் சேர்ந்து, முனம்பம் செல்லும் பஸ்ஸில் அமரலாம். 2004-இல் கோஸ்ரீ பாலங்கள் திறந்தபின் எர்ணாகுளத்திலிருந்தும் நேரே வரலாம். 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் பழைய துறைமுகத்தைத் தூர்த்துக் கொச்சியின் முகத்துவாரத்தை ஆழப்படுத்தியது என்பர். வெள்ளம் கொணர்ந்து வைத்த மண்ணே வைப்பின் தீவு என்பது மரபு. அந்நிகழ்ச்சியிலிருந்து எண்ணப்பட்ட 'புதுவைப்பு ஆண்டு' என்னும் கணக்கும் இங்கு வழங்கிற்று. வைப்பு என்னும் சொல்லுக்கு நமக்கு அகராதி வேண்டுவதில்லை. பள்ளிப்புறத்தில் இறங்கினால், போர்த்துக்கீசியர் 1503-இல் கட்டியதாகக் கருதப்படும் அறுகோணக் கோட்டையைக் காணலாம். அங்கிருந்து காயற்கரைக் காற்றை நுகர்ந்தவாறு பெரியாறு கடலிற் கலக்கும் முனம்பம் நோக்கி நடக்கலாம்.

ஆற்றின் அக்கரையில் நம்மை அழைப்பது கொடுங்கல்லூர். மூன்றாம் நடைக்கு எர்ணாகுளத்திலிருந்து பறவூர் வழியே செல்லும் பஸ் ஏற்றது. இடைவழியில் பட்டணம் என்னும் சிற்றூர் இருக்கிறது. 2007 முதல் அங்கு நடந்த அகழ்வாய்வில் உரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகளும் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடும் கிடைத்தன. அகநானூறும் புறநானூறும் பாடும் முசிறி அதுவேதானா என்பதில் அறிஞர்கள் கருத்து வேறுபடுகின்றனர். மேலே கூறிய செப்பேட்டில் மன்னன் வீற்றிருந்த இடமாகக் குறிக்கப்படும் முயிரிக்கோடு இவ்வட்டாரமே. மீண்டும் பஸ்ஸேறிக் கொடுங்கல்லூருக்குத் தெற்கே இறங்கினால் திருவஞ்சைக்களம். மலைநாட்டில் தேவாரப் பாடல் பெற்ற ஒரே சிவத்தலம் அது. சுந்தரரும் சேரமான் பெருமாளும் நட்புக்கொண்ட வரலாறு அத்தலத்தோடு இணைந்தது. கோயிலைக் கண்டபின் ஊர் வரை நடந்து செல்லலாம்.

இந்நடைகளுக்கு மழை ஓய்ந்த கார்த்திகை முதல் மாசி வரையுள்ள காலம் நல்லது. வெள்ளிக்கிழமையில் அரண்மனையும் சனிக்கிழமையில் தொழுகைக்கூடமும் மூடியிருக்கும். அந்நாட்களைத் தவிர்த்துக் காலையிலேயே புறப்பட வேண்டும். குழந்தைகளை உடன் அழைத்துச் செல்லுதல் மிக நன்று. அயலூரில் பிறந்து அயல்மொழியில் பயிலும் நம் பிள்ளைகள், 'நம்முடைய ஊர் எது?' என்று ஒருநாள் நம்மைக் கேட்பார்கள். பெற்றோர் பிறந்த ஊரின் பெயரைச் சொல்வதோடு நிறுத்திவிடாமல், வண்ணான்துறையின் கற்களையும் வட்டெழுத்துச் செப்பேட்டின் கதையையும் அவர்களுக்குச் சொல்லுவோம். ஆறு தன் வாயை மாற்றியது. அரசுகள் தம் எல்லையை மாற்றின. வந்தவர்கள் உழைத்து வேரூன்றிய இடம் அவர்கள் ஊராயிற்று.