வளரி கற்பித்த கை

ரிச்சர்ட்ஸ் டவுனில் மாலை வேளையில் உலவும்போது நம் செவியில் தமிழ் விழுகிறது. இவ்வூருக்குத் தமிழ் வந்த வழிகளுள் ஒன்று, படை வந்த வழி. 1809-இல் ஆங்கிலக் கம்பெனியின் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை விட்டுப் பெங்களூரில் பாளையம் இறங்கியது. நம்மவர் ‘தண்டு’ என்றழைத்த அந்தக் கண்டோன்மெண்டுக்குச் சென்னைப் படையின் சிப்பாய்களும், அவர்களைச் சார்ந்த வணிகரும் தொழிலாளரும் வந்து குடியேறினர். ரிச்சர்ட்ஸ் டவுன் அத்தண்டின் பிற்கால விரிவேயாகும்.

அச்சென்னைப் படை அதற்கு எட்டாண்டுகளுக்கு முன் சிவகங்கைச் சீமையில் செய்த போரை நாம் மறத்தலாகாது. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி இளமையில் மதுரைப் பக்கம் பணியாற்றியவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவருக்கு முதன்முதல் கற்பித்தவர் சின்ன மருது. 1801-இல் அந்த வெல்ஷே மருதுவை வேட்டையாடிய படையில் இருந்தார். அவ்வாண்டு அக்டோபர் 24-ஆம் நாள் திருப்பத்தூரில் மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் இளம் மகன் துரைசாமி, 1802-இல் எழுபதுக்கும் மேற்பட்டோருடன் பினாங்குக்கு நாடுகடத்தப்பட்டான். 1818-இல் வெல்ஷ் பினாங்கு சென்றபோது, நலிந்து முதுமையுற்ற தோற்றத்தோடு ஒருவர் எதிரே வந்து நின்றார். அவரே துரைசாமி! இவற்றையெல்லாம் 1830-இல் வெளியான தம் நூலில் வெல்ஷே வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்.

கொடுமை மனிதனின் பிறவிக் குணமா? போர் இயற்கையின் கட்டாயமன்று, மனிதன் கண்டுபிடித்துக் கொண்ட வழக்கமே என்று மானிடவியல் அறிஞர் மார்கரெட் மீட் 1940-இல் வாதித்தார். வெல்ஷின் கதை அவ்வாதத்துக்கு அரண் செய்கிறது. அவர் நெஞ்சில் பகையில்லை. நன்றியும் இரக்கமும் இருந்தன. ஆயினும் மேலிடத்தின் ஆணையும் படையின் ஒழுங்கும் அவரை நடத்திச் சென்றன. நல்லவர் கையாலும் கொடுமை நிகழ்வது இவ்வாறே.

எதிர்ப்பும் அவ்வாறே மனிதன் தேர்ந்துகொள்வது. 1801 ஜூனில் திருச்சிக் கோட்டையில் ஒட்டப்பட்ட மருதுவின் அறிக்கை, பாளையக்காரரை மட்டும் அழைக்கவில்லை. கம்பெனியின் ஊதியம் பெற்ற சுபேதார், ஹவில்தார், சிப்பாய் ஆகியோரையும் விளித்தது. அன்று பெரும்பாலோர் அசையவில்லை. ஐந்தாண்டு கழித்து, 1806 ஜூலை 10-ஆம் நாள், வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் தாமே எழுந்தனர். அவ்வெழுச்சி ஒரே நாளில் குருதியில் அடக்கப்பட்டது. மூன்றாண்டில் பெங்களூர்த் தண்டு தோன்றியது.

ஆகவே, தண்டின் வழிவந்த நம் குடும்பங்களில் ஆணைக்குப் பணிந்தவரும் இருந்திருக்கலாம். துணிந்து எழுந்தவரின் உறவினரும் இருந்திருக்கலாம். ஒருவரைப் போற்றி மற்றவரை மறைப்பது சரித்திரமாகாது. இருவரையும் நம்மவர் என்று ஏற்றுக்கொண்டால்தான், நாளை ஓர் ஆணை நம்மிடம் வரும்போது அதனை நின்று ஆராயும் அறிவு நமக்கு வாய்க்கும்.