ஆப்பு எனும் சிறு கருவி

சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதப் புகுவோர் சோழர் கடற்படையையோ பல்லவர் சிற்பத்தையோ எடுத்துக் கொள்வது வழக்கம். யாம் இம்முறை ஒரு விரல் நீளமுள்ள மரத்துண்டைப் பற்றி எழுதத் துணிந்தோம். அதற்குக் காரணம் எம் இல்லத்துக் கட்டில்.

எம் பாட்டனார் காலத்துத் தேக்குக் கட்டில் அது. அதில் ஆணி என்பதே இல்லை. நெடுஞ்சட்டங்களின் முனைகள் கால்களிலுள்ள துளைகளை ஊடுருவி மறுபுறம் நான்கு விரற்கடை நீண்டு நிற்கும். நீண்ட முனையில் சிறு துளை ஒன்று. அதனுள் மேலிருந்து இறக்கிய ஓர் ஆப்பு. நான்கு மூலைக்கும் நான்கு ஆப்புகள். அவற்றைத் தட்டி எடுத்துவிட்டால் கட்டில் முழுவதும் பிரிந்து சட்டங்களாகிவிடும். காவிரிக் கரையிலிருந்து புகைவண்டி ஏறி இவ்வட நாட்டுக் குடியிருப்புக்கு அது வந்து சேர்ந்தது அவ்வாறுதான். பின்னர் ஒருமுறை வீடு மாறினோம். மூட்டைகளிடையே கிடந்த நான்கு மரத்துண்டுகளைக் கண்டு, பயனற்ற சிராய்கள் என்று எண்ணிக் குப்பையில் எறிந்தவர் வேறெவருமல்லர், யாமே. கட்டிலைப் பூட்டப் புகுந்தபோதுதான் எறிந்தது இன்னதென்று விளங்கிற்று. அன்றிரவு அனைவரும் தரையிற் படுத்தோம். அப்பொழுது எழுந்த ஆராய்ச்சியே இக்கட்டுரை.

ஒரு முனை மெலிந்தும் மறுமுனை தடித்தும் உள்ள துண்டுக்கு ஆப்பு என்று பெயர். மனிதன் கையிற்கொண்ட முதற் கருவிகளுள் ஒன்று இவ்வடிவமே. 1863-ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கோடரியும், எண்ணிப் பார்த்தால், கல்லாலாகிய ஆப்பேயன்றோ? அலெக்சாந்திரியா நகரத்து ஹீரோன் என்ற கிரேக்க அறிஞர் எளிய பொறிகள் ஐந்தென வகுத்தபோது, நெம்புகோல், கப்பி ஆகியவற்றோடு ஆப்பையும் ஒன்றாக வைத்தார். ஆறு அங்குல நீளமும் ஓர் அங்குலத் தடிப்பும் உடைய ஆப்பைத் தட்டினால், உராய்வை நீக்கிக் கணக்கிடுமிடத்து, தட்டிய விசை ஆறு மடங்காகிப் பக்கவாட்டில் தள்ளும். அவ்வுராய்வும் வீணன்று. உள்ளே சென்ற ஆப்பு மீண்டும் வழுவி வெளிவராமல் பற்றிக் கொள்வது அதனாலேதான். சரிவு மிகுந்தால் ஆப்பு துள்ளி வெளியேறும். சரிவு குறைந்தால் இறுகி நிற்கும்.

நம் நாட்டுத் தச்சர் ஆப்பை ஆண்ட பழமைக்கு நாம் அனைவரும் இளமையில் கேட்ட கதையொன்றே சான்று. ஆப்பை அசைத்த குரங்கின் கதையைச் சொல்கின்றோம். பஞ்சதந்திரத்தில் கரடகன் தமனகனுக்கு உரைப்பது அது. நீதியைக் கேட்டுவிட்டுக் கதையை மறந்துவிடுகிறோம். அதிலுள்ள தச்சுத் தொழிலை யாரும் நோக்குவதில்லை. கோயிற் பணிக்கு வந்த தச்சர், பாதி பிளந்த மருத மரத்தின் பிளவில், காசுக்கட்டி எடுக்கும் கதிர மரத்தாற் செய்த முளையை இறுக்கிவிட்டு நண்பகல் உணவுக்குச் சென்றனர் என்று வடமொழி நூல் கூறும். பிளக்கப்படும் மரம் ஒன்று, ஆப்புக்குரிய மரம் வேறொன்று. பின்னது மிகக் கடினமானது. இந்நுணுக்கத்தைக் கதை சொன்னவர் தச்சுப் பட்டறையில் நின்று கண்டிருத்தல் வேண்டும் என்பது எம் கருத்து. மரம் அறுப்போர் வாளின் பின்னே பிளவில் ஆப்பைச் செருகி வைப்பது இன்றும் உண்டு. இல்லையேல் பிளவின் இரு கரைகளும் நெருங்கி வாளைக் கவ்விக் கொள்ளும். குரங்குக்கு நேர்ந்தது வாளுக்கும் நேரும்.

இக்கதை பாரசீகம் சென்று, எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபா என்பவரால் அரபு மொழியில் ஏறி, மேலை நாடுகளுக்கும் பரவிற்று. தமிழில் தாண்டவராய முதலியாரின் உரைநடைப் பஞ்சதந்திரம் 1826-இல் வெளிவந்தது.

வட ஐரோப்பியக் கடலோடிகள் ஆப்பைக் கொண்டு செய்த அருஞ்செயலையும் இங்குக் கூற வேண்டும். நார்வே நாட்டில் ஓஸபெர்க் என்னுமிடத்தில் 1904, 1905-ஆம் ஆண்டுகளில் மண்ணிலிருந்து தோண்டி எடுக்கப்பட்ட மரக்கலம் ஏறத்தாழ 820-ஆம் ஆண்டளவிற் கட்டப்பட்டது. அதன் பலகைகள் வாளால் அறுக்கப்பட்டவை அல்ல. ஓக் மரத்தின் அடித்துண்டை ஆப்புகளால் முதலில் இரண்டாகவும், பின் நான்காகவும், எட்டாகவும், மேலும் மேலும் பிளந்து எடுத்தவை. வாள் மரத்தின் நாரை அறுத்துக்கொண்டு செல்லும். ஆப்போ நாரின் போக்கிலேயே செல்லும். ஆகவே பிளந்தெடுத்த பலகை மெல்லியதாயினும் வலிது; அலையில் வளைந்து கொடுக்கும்.

எகிப்தியர் மர ஆப்பைப் பாறையிற் செருகி நீர் ஊற்றி, அது ஊறிப் பருக்கும் வலியால் பெருந்தூண்களைப் பிளந்தனர் என்று பள்ளி நூல்களிற் படித்தோம். அசுவான் பாறையில் முற்றுப்பெறாது கிடக்கும் தூணை ஆராய்ந்தோர், அது கடுங்கல் உருண்டைகளால் இடித்து இடித்துச் செதுக்கப்பட்டது என்றே காண்கின்றனர். அழகிய கதைகள் யாவும் உண்மையாகிவிடா.

தச்சனின் இழைப்புளியைப் பார்த்தவர்கள் அதன் இரும்பை இறுக்கிப் பிடிப்பது ஓர் ஆப்பே என்பதை அறிவர். எரிமலைச் சாம்பலில் 79-ஆம் ஆண்டு புதைந்த பொம்பேயி நகரத்து இழைப்புளிகளிலும் இதே அமைப்பைக் காணலாம். ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில், இரும்புச் சட்டத்துள் எழுத்துகள் சிந்தாமல் இறுக்கிப் பிடித்தவையும் ஆப்புகளே. பழைய சங்க மலர்களின் பக்கங்களும் அவ்வாறு நின்றவைதாம்.

நம் குடியிருப்பில் இரயில்வே ஊழியம் செய்து ஓய்வு பெற்ற பெரியோர் பலர் உள்ளனர். அவர்களுக்குக் கீமேன் என்ற சொல் புதிதன்று. இங்கிலாந்தில் 1830-ஆம் ஆண்டுகளில் இருதலைத் தண்டவாளம் வழக்கிற்கு வந்தது. அதனை வார்ப்பிரும்புத் தாங்கியில் அமர்த்தி, பக்கத்தில் மர ஆப்பொன்றை அடித்து இறுக்குவர். அந்த ஆப்புக்கு அங்கே கீ என்று பெயர். நம் நாட்டின் பழைய பாதைகளிலும் இம்முறை வந்து சேர்ந்தது. மழைக்காலத்தில் மர ஆப்பு பருத்து நிற்கும். கோடையில் காய்ந்து சுருங்கி, வண்டியின் அதிர்ச்சியால் நழுவி விழும். ஒன்று விழுந்தால் தீங்கில்லை. அடுத்தடுத்துப் பல விழுந்தால் தண்டவாளம் நிலை பெயரும். ஆகவே சுத்தியலைத் தோளிற் சாய்த்துத் தன் எல்லை முழுவதும் நாள்தோறும் நடந்து, தளர்ந்த ஆப்பைத் தட்டிச் செல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. மர ஆப்பு போய் எஃகு ஆப்பு வந்தது. அதன்பின் பெரும்பாலான பாதைகளில் வளைந்த எஃகுக் கவ்விகள் வந்தன. கீமேன் என்ற பெயர் மட்டும் மாறவில்லை. நள்ளிரவில் நாம் அயர்ந்து உறங்க வண்டி நம்மை ஊருக்குக் கொண்டு சேர்த்த நாட்களிலெல்லாம், பெயரறியாத அவ்வாளின் சுத்தியல் நமக்கு முன்னே சென்றிருந்தது.

கட்டிலுக்கு வருவோம். ஆப்பு செய்து தர இங்குள்ள முதிய மிஸ்திரி ஒருவரை அழைத்து வந்தோம். எம் அரைகுறை இந்தியில் விளக்கத் தொடங்குமுன்பே அவர் துளையில் விரலை விட்டுப் பார்த்து, "பச்சர்" என்றார். அவர் மொழியில் ஆப்புக்கு அதுவே பெயர். ஆணியடித்து விடலாமா என்று யாம் கேட்டதற்கு அவர் முகம் சுளித்தார். தென்னாட்டு ஈரத்தில் இருந்த மரம் இங்கு லூ வீசும் மாதங்களில் உலரும். உலர்ந்தால் அதன் நீளம் குறையாது, தடிப்பே குறையும். கால் மெலிந்து இணைப்பில் இடைவெளி விழும். ஆணி அதற்கு ஒன்றும் செய்யாது, ஆப்போ இன்னும் ஒரு நூல் கீழிறங்கி இறுகிக் கொள்ளும் என்றார். சுத்தியல் தளர்ந்தால் நாம் அதை நீரில் ஊறவைப்பதையும் சொல்லி நகைத்தார். ஊறிப் பருத்த காம்பு இரும்புக்குள் நசுங்கி, உலர்ந்தபின் முன்னிலும் தளரும். காம்பின் தலையில் புதிய ஆப்பு அடிப்பதே முறையாம். இத்தனை ஆண்டுகள் யாம் ஊறவைத்தே வந்தோம்!

சீசம் மரத்தில் நான்கு ஆப்புகள் செதுக்கித் தந்தார். பசை ஏதும் இடவில்லை. ஒவ்வொன்றின் தலையிலும் ஒன்று முதல் நான்கு வரை கோடு கிழித்து, அதற்குரிய மூலையிலும் அவ்வாறே கிழித்தார். ஓர் ஆப்பு மற்றொரு துளைக்குப் பொருந்தாதாம். அன்றிலிருந்து கோடைதோறும் கொட்டாப்புளியால் மூலைக்கு இரண்டு தட்டுத் தட்டி வருகிறோம். மறுமுறை வீடு மாறும் நாளுக்கென்று, அந்நான்கையும் இட்டு வைக்க எம் இல்லத்தரசியார் ஒரு துணிப்பை தைத்து, அதன்மேல் பெரிய எழுத்தில் "எறியற்க" என்று பின்னலும் போட்டு வைத்திருக்கிறார்.