சுண்ணாம்பு வெள்ளையடிப்பு

நீற்றிய சுண்ணாம்பை (கால்சியம் ஹைட்ராக்சைடு) நீரில் கலக்கிச் சுவரில் பூசும் பழைய முறை. இதற்குத் தனியாகப் பசை கட்டாயமில்லை. நீரும் காற்றும் சேர்ந்து பூச்சையே கல்லாக்கிவிடும்.

சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் சுட்டால் கார்பன் டைஆக்சைடு வெளியேறும். தூய கல் 100 கிலோவுக்கு 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதன்மேல் நீர் பட்டதும் கட்டிகள் சீறி, பிளந்து, ஆவி கக்கிப் பொடியாகும். இந்த 56 கிலோ, 18 கிலோ நீரைத் தனக்குள் பிணைத்துக்கொள்கிறது. மிஞ்சிய நீர் அந்தச் சூட்டில் கொதிக்கவும் செய்யும்.

நீற்றிய சுண்ணாம்பு லிட்டருக்கு 2 கிராமுக்கும் குறைவாகவே கரையும். அதுவே பி.எச். மதிப்பை 12-க்கு மேல் ஏற்றப் போதும். கரையாதது அடியில் தங்குவதால் வாளியை அடிக்கடி கலக்கவேண்டும்.

பூச்சு உலர்வது வேறு, இறுகுவது வேறு. காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு ஈரத்தில் கரைந்து மென்மையான அமிலமாகிச் சுண்ணாம்போடு வினைபுரிகிறது. மறுபடி கால்சியம் கார்பனேட் உருவாகிறது. காளவாயில் வெளியேறிய அதே வாயு இப்போது காற்றிலிருந்து சுவரில் சேர்கிறது. ஈரம் இல்லாவிட்டால் இவ்வினை ஏறக்குறைய நின்றுவிடும். நனைக்காத சுவரில் உச்சிவெயிலில் அடித்த வெள்ளை, தொட்டால் மாவாகக் கையில் ஒட்டுவது இதனால்தான். சுண்ணாம்பு மட்டம் என்று பழிப்பதற்குமுன் வேலை நடந்த நேரத்தைக் கேட்பதே நியாயம். சுவரை முன்கூட்டியே நனைத்து, வெயில் தாழ்ந்தபின் மெல்லிய பூச்சுகளாக அடிக்கவேண்டும். ஈரத்தில் மங்கலாகத் தெரியும் பூச்சு காயக்காய வெளுக்கும். அவசரப்பட்டுத் தடிமனாக அப்பினால் வெடித்து உதிரும்.

காரத்தைத் தாங்கும் நிறமிகளையே இதில் சேர்க்கலாம். இரும்பு ஆக்சைடான காவி நிலைக்கும். அல்ட்ராமரைன் நீலமும் நிலைக்கும். பிரஷ்ய நீலம் சிதைந்து பழுப்பாகும். மஞ்சள் தூளோ ஆரத்தித் தட்டில் காண்பதுபோலச் சிவந்துவிடும். ஈரம் ஆறாத புதுச் சுண்ணாம்புச் சுவரில் எண்ணெய் பெயின்ட் அடித்தால், காரம் எண்ணெயைச் சோப்பாக மாற்றும். பெயின்ட் பிசுபிசுத்து உரியும்.

இறுகிய வெள்ளைக்கு அமிலம் பகை. எலுமிச்சைச் சாறு பட்ட இடம் நுரைத்து அரிக்கும். கந்தக டைஆக்சைடு கலந்த மழை அதை ஜிப்சமாக மாற்றி மெல்லக் கரைக்கும்.

நீற்றும்போது சுண்ணாம்பைத்தான் சிறிது சிறிதாக நீரில் இடவேண்டும். குவித்த சுண்ணாம்பில் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். உடனே ஓடும் நீரில் இடைவிடாது கழுவி, மருத்துவரிடம் செல்லவேண்டும். எலுமிச்சைச் சாறோ காடியோ விடவே கூடாது.